வேலூரில் முழுக்கைச் சட்டை தைக்க ஒரு நல்ல கடை

மார்பும் இடுப்பும் உள்ள உடம்புக்கு, ஆண்கள் போடுகிற மாதிரி முழுக்கைச் சட்டையை ஒழுங்காக வெட்டித் தைக்கத் தெரிந்த மாஸ்டர் வேலூரில் இருக்கிறாரா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார். லாங் பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டுகிற மேசை, இவ்வளவுதான் உள்ளே. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன், அந்த அரை ஏன் குறைந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை. அங்கே வருகிறவர்களில் சிலர் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்கள், பெயரைப் போட்டால் யாராவது வாசலில் நின்று யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள், வேண்டாம்மா என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். நான் பெண். பெண்களை நேசிக்கிற பெண். வேலைக்குச் சட்டை பேன்ட்தான் போடுவேன், பஸ்ஸில் ஏறி இறங்க அதுதான் வசதி, கண்ணாடியில் பார்க்கவும் அதுதான் எனக்குப் பிடிக்கிறது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போவேன், அதிலும் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. என்னோடு இந்தக் கடைக்கு வருகிற நண்பன் குடியாத்தத்துக்காரன், செல்போன் கடையில் வேலை. அவன் திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதினார்கள், ஆனால் அவன் ஆண், நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆண். அவனும் ஒரு பெண்ணைத்தான் விரும்புகிறான். ஆக, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் இருவருக்கும் வித்தியாசமே தெரியாது. முடி கட்டை, சட்டை பேன்ட், மனசு போவது பெண்கள் பக்கம், அப்புறம் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒன்று இல்லை. அதைப் பேச்சில் விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும், இந்த மாஸ்டர் அளவு எடுக்கிற விதத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

ரெடிமேட் சட்டையில் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு: ஆண்கள் பிரிவில் தோளுக்குச் சரியாக எடுத்தால் மார்பில் பிடிக்கும், இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவில் வாய் பிளந்துகொண்டு நிற்கும். மார்புக்குச் சரியாக எடுத்தால் தோள்பட்டை கைக்கு இறங்கிவிடும், கை விரல் நுனிவரை தொங்கும். பெண்கள் பிரிவிலோ துணி மெல்லிசு, பை இருக்காது, இருந்தாலும் பைபோலத் தெரிகிற வெறும் தையல், பக்கவாட்டில் உள்ளே வாங்கி இடுப்பைக் காட்டுகிற வெட்டு, பட்டனும் இடது பக்கம். தைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஆனால் தைக்கக் கொடுக்கப் போனால் வேறு வேதனை. இதற்கு முன் ஒரு கடையில் சட்டைத்துணியைக் கொடுத்தோம். என் சட்டையில் கேட்காமலேயே முன்னால் இரண்டு டாட் (மார்பு வளைவுக்கு ஏற்றபடி துணியை மடித்துப் பிடிக்கிற தையல்) பிடித்து, கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு, "லேடீஸுக்கு இப்படித்தான் வைக்கணும்" என்றார்கள். என் நண்பனை நாலு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நிறுத்தி, நீ ஆணா பெண்ணா, சொன்னால்தான் அளவு எடுக்க முடியும் என்று கேட்டார்கள். அவன் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை, வீடு வரைக்கும் பேசவில்லை.

இந்த மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பில் புத்தகத்தைத் திறந்து, "பேரு இன்னான்னு எழுதட்டும்?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். நண்பன் தன் பெயரைச் சொன்னான், அவனே வைத்துக்கொண்ட பெயர், ஆதாரில் இன்னும் ஏறாத பெயர். மாஸ்டர் அதை எழுதிக்கொண்டார், அந்த நொடியிலிருந்து "தம்பி, கையைத் தூக்கு", "தம்பி, மூச்சை விடு" என்றுதான் பேச்சு. எனக்கு "இப்படித் திரும்பும்மா". இரண்டு பேரும் கேட்டது ஒரே மாதிரி சட்டை, வெள்ளையில் நீலக்கோடு போட்ட பருத்தித் துணி, ஒரே தானில் வெட்டியது. சட்டையை வைத்து அவர் எங்களை யார் என்று முடிவு செய்யவில்லை. பெயரைக் கேட்டார், நாங்கள் எப்படிச் சொன்னோமோ அப்படியே எடுத்துக்கொண்டார். கடையில் வேலை கற்றுக்கொள்கிற பையன் ஒருவன் நண்பனைப் பார்த்து "அக்கா, தள்ளுங்க" என்றபோது, மாஸ்டர் கத்தரியை நிறுத்தாமலே "அண்ணன்டா" என்றார், பையனும் "தள்ளுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். இதற்கு மேல் ஒரு விளக்கமோ மன்னிப்போ தேவைப்படவில்லை.

அதற்கடுத்து அவர் கேட்பது, சட்டை உங்கள் மேல் எப்படி உட்கார வேண்டும் என்று. இங்கேதான் எங்கள் இரண்டு பேருடைய பதிலும் பிரிந்தது. எனக்கு மார்பு தெரிவது பற்றிக் கவலை இல்லை, பட்டன் நடுவில் பிளக்கக்கூடாது, கை தூக்கினால் சட்டை மேலே ஏறக்கூடாது, அவ்வளவுதான் என்றேன். மாஸ்டர் அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் மறைகிற மாதிரி சின்னதாக ஒரு டாட் எடுத்தார், முன்பட்டியில் மார்புக்கு நேராக உள்பக்கம் தெரியாமல் ஒரு பட்டன் கூடுதலாக வைத்தார். இடுப்பில் லேசாக உள்ளே வாங்கினார். பட்டன் எந்தப் பக்கம் என்று கேட்டார், எனக்கு எந்தப் பக்கமும் சரி என்றேன். நண்பன் சொன்னது வேறு. மார்பு தட்டையாகத் தெரியணும் மாஸ்டர், இடுப்பு வளைவு தெரியக்கூடாது, பட்டன் வலது பக்கம்தான் வரணும். அவனுக்கு டாட்டே இல்லை. பக்கத் தையல் நேர்கோடாக இறங்கியது, முதுகில் தோள்பட்டைத் துண்டுக்குக் கீழே ஒரு பெட்டி மடிப்பு விட்டார், துணி உடம்பில் ஒட்டாமல் விழுவதற்கு. முன்னால் இரண்டு பக்கமும் மூடி வைத்த பை, உள்ளே இன்னொரு மடிப்புத் துணி, அதனால் முன்பக்கம் விறைப்பாக நிற்கிறது. அடுத்த தடவை கொஞ்சம் தடித்த துணியாக, இருண்ட நிறத்தில் கட்டம் போட்டதாக எடுத்து வா தம்பி, இன்னும் நல்லா மறைக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

தைத்து முடித்து இரண்டு சட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், துணி ஒன்று, வெட்டு வேறு. எனக்கு அது பிடித்த உடுப்பு, நான் பெண்ணாக இருந்துகொண்டே போடுகிற உடுப்பு. அவனுக்கு அது தன்னைத் தானாகப் பார்ப்பதற்கு வேண்டிய உடுப்பு, அதில் ஒரு வளைவு தப்பாகத் தெரிந்தாலும் அன்றைக்கு முழுவதும் தோளைக் குறுக்கிக்கொண்டே நடப்பான். நாங்கள் இருவரும் யாரை நேசிக்கிறோம் என்பதற்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் பதில் ஒன்று.

பாலின அடையாளம் என்பது நான் யார் என்பது. ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்று ஒருவர் தனக்குள் அறிந்திருப்பது. பாலீர்ப்பு என்பது என் மனமும் ஆசையும் யார் பக்கம் போகிறது என்பது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள், ஒன்றின் விடையைத் தெரிந்துகொண்டு இன்னொன்றின் விடையைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கடையில் ஜாக்கெட் தைக்க வருகிற திருநங்கை அக்கா ஒருவர் இதை எனக்குத் தெரிந்த எந்தப் படித்தவரையும்விட நன்றாகச் சொன்னார். அவரைப் பார்த்து எல்லாரும், ஆம்பளைங்க மேல ஆசை, அதனாலதான் புடவை கட்டிக்கிட்டாங்க என்று பேசுவார்களாம். அவர் சொன்னது: "எனக்கு அஞ்சு வயசுல அக்காவோட பாவாடையை எடுத்துக் கட்டிக்கிட்டேன், நான் பொண்ணுன்னு எனக்கு அப்பவே தெரியும். அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஆம்பளை மேல இன்னாம்மா ஆசை இருக்கும்? அதெல்லாம் வயசுக்கு வந்தப்புறம்தானே." பேசிக்கொண்டே ஜாக்கெட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பாருங்கள், யார் என்பது முதலில் வந்துவிட்டது, யாரை என்பது பல வருஷம் கழித்துத்தான் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இது எப்படி நடக்கும்?

அந்த அக்காவுக்கு ஆண்களைப் பிடிக்கும். பெண்களை நேசிக்கிற திருநங்கைகளும் உண்டு, ஆண்களை நேசிக்கிற திருநம்பிகளும் உண்டு, யார் மேலும் அப்படி ஓர் ஈர்ப்பே வராதவர்களும் உண்டு. ஆண்களைப் பிடிக்கும் என்றால் அந்தத் திருநம்பி பேசாமல் பெண்ணாகவே இருந்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். யாரையாவது காதலிப்பதற்காக அவர் ஆணாக மாறியிருந்தால் அந்தக் கேள்வி சரி. அவர் ஆண், அதனால் ஆணாக வாழ்கிறார், காதல் அப்புறம் வந்த விஷயம். இதே போல் இன்னொரு பக்கம். என் சித்தி பையன் ஒருவன், முறுக்கு மீசை, சத்துவாச்சாரியில் ஜிம்முக்குத் தவறாமல் போகிறவன், ஆண்களை விரும்புகிற ஆண். வீட்டில் சொன்ன அன்றைக்கு அவன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "நீயும் புடவை கட்டப் போறியா?" அவனுக்குப் புடவையில் ஒரு நாட்டமும் இல்லை. வேட்டியே அவனுக்குப் பெருமை.

உடுப்பு மூன்றாவது விஷயம், அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களைப் பாருங்கள், புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் மண் வெட்டுகிறார்கள். ஒருத்தர்கூட அவர்களை ஆணா என்று கேட்பதில்லை, யாரைப் பிடிக்கும் என்றும் கேட்பதில்லை. வெயில், தூசி, முள், அதற்குச் சட்டை. அதே சட்டையை ஒரு கல்லூரிப் பெண் கட்டை முடியோடு போட்டால் மட்டும் தெருவே ஆராய்ச்சி செய்கிறது.

வீடுகளில் இந்தக் குழப்பம் என்ன செய்கிறது என்பதை நான் பார்த்தவரை சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னபோது, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆம்பளையா மாறணும்னு தோணுதாடி? டாக்டர்கிட்ட போலாமா?" என்று கேட்டார். அன்பில் கேட்டதுதான், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆனால் என் உடம்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நான் யார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. நண்பன் வீட்டில் தலைகீழ். அவன் தன்னை ஆண் என்று சொன்னதும் அவன் பெரியம்மா, "பொண்ணுங்களைப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போவுது, நீ பொண்ணாவே இருந்துக்கோ, நாங்க யார்கிட்டயும் சொல்லல" என்று சமாதானம் பேசினார். அவர்கள் மனசில் அது பெரிய விட்டுக்கொடுத்தல். அவனுக்கு அது மூச்சை அடைக்கிற யோசனை. ஒரு வீட்டில் தேவையில்லாத சிகிச்சையைத் தர நினைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் அவனுக்குத் தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தரத் தயாராக இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பாசத்துக்குக் குறைவில்லை. இரண்டு வீட்டிலும் கேட்காத கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சட்டத்திலும் இது ஒன்று இல்லை என்பதைத் தேதிகளே காட்டும். தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் திருநங்கைகளுக்காக அரவாணிகள் நலவாரியம் வந்தது, அப்போது ஒரே பாலினத்தவர் உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின்படி குற்றம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை நீக்கியது, 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. நாலே மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, அதே உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் ஒருவரின் பாலினத்தை அவரேதான் தீர்மானிக்க வேண்டும், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் தனித்தனியாக விளக்கியிருக்கிறார்கள். ஆக 2014லிருந்து, ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 வரைக்கும், என் நண்பன் யார் என்பதை நாடு ஏற்றுக்கொண்டிருந்தது, நான் யாரை நேசிக்கிறேன் என்பதைக் குற்றமாக வைத்திருந்தது.

கல்யாண விஷயத்தில் இது இன்னும் நேராகத் தெரியும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்று சொல்வது திருநங்கையையும் சேர்த்துத்தான் என்று சொல்லி, தூத்துக்குடியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது, ஆனால் எதிர்ப்பாலினத்தவரை மணக்கிற திருநர்கள் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) இப்போதுள்ள சட்டங்களின்படியே மணந்துகொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. என் நண்பன் ஆண், அவன் காதலி பெண், அவர்களுக்கு வழி இருக்கிறது. நான் பெண், என் காதலி பெண், எங்களுக்கு வழி இல்லை. இரண்டு பேரும் ஒரே தானில் சட்டை தைத்தவர்கள்தான். அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு முழு சந்தோஷம், எனக்குக் கிடைக்காததில் எனக்குக் கோபம் இருக்கிறது, இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

நம்ம வேலூர் பேர் அடிபட்ட வழக்கும் ஒன்று உண்டு. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான் அதில் முதல் எதிர்மனுதாரர். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடமே கேட்டு, அவர் விரும்பியபடி போகலாம் என்று விடுவித்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கிற வழி என்றில்லை, தானே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்பதும் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டது, "இதுல யாருப்பா ஆம்பளை?" யாருமே இல்லை. இரண்டு பேரும் பெண்கள். காதல் என்றால் அதில் ஒரு ஆண் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும், என்னைப் போன்றவர்களைத் திருநம்பி என்பார்கள், திருநம்பிகளைப் பெண்களை விரும்பும் பெண்கள் என்பார்கள், இரண்டு தரப்பையும் தப்பாகவே பார்ப்பார்கள்.

கற்றுக்கொள்ள மனசு இருந்தால் இது கஷ்டமான பாடம் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்தபோது நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே பதிவுசெய்து, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு போட்டார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும், திருநர்களின் பாலின அடையாளத்தை மாற்ற முயல்வதையும், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லித் தடை செய்தது அந்த உத்தரவு. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் இப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உங்கள் பிள்ளையை யாராவது "சரிபண்ணித் தருகிறேன்" என்று கூப்பிட்டால், அவர் எவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தாலும் போகாதீர்கள். பிள்ளையிடம் பேசுவதாக இருந்தால் நீ யார் என்பதையும் உனக்கு யாரைப் பிடிக்கும் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டாவதை அவர்களாகச் சொல்கிற வரைக்கும் கேட்காமல் இருந்தாலும் தப்பில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். மாஸ்டருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, அவர் கேட்டதும் இல்லை. பெண்களுக்கு அளவு எடுக்க அவருடைய தங்கை மதியத்துக்கு மேல் வருவார், எனக்கு இருவரில் யார் எடுத்தால் வசதி என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பைக் கையில் எடுத்தார். நண்பனிடமும் அதே கேள்வி. அவனுக்கு மார்பில் டேப் சுற்றுவதே பிடிக்காது, அதனால் அவனுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய டி-சர்ட்டை மேசையில் விரித்து அதிலிருந்து பாதி அளவுகளை எடுத்துக்கொண்டார், மார்புக்கு மட்டும் டேப்பை அவன் கையிலேயே கொடுத்து நீயே சுற்றிச் சொல்லு தம்பி என்றார். அவன் சுற்றி, சொன்னான். இவர் எழுதிக்கொண்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஆம்பூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வரலாம்.

திருநம்பித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடையை இவர் தைப்பதில்லை, நான் கேட்டுப் பார்த்தேன், நெஞ்சை இறுக்குகிற சாமானை அளவு தெரியாமல் தைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மறுத்தது சரி. அதற்கென்றே தயாரிக்கப்பட்டதை உங்கள் அளவுக்குப் பார்த்து வாங்குங்கள், அதையும் நாள் முழுக்கப் போடாதீர்கள், தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். கை கால் சுளுக்குக்குச் சுற்றுகிற எலாஸ்டிக் பேண்டேஜை மார்பில் சுற்றவே சுற்றாதீர்கள், அது அசைய அசைய இறுகிக்கொண்டே போகும், மூச்சும் விலா எலும்பும் பாதிக்கப்படும். சட்டை வெட்டு சரியாக அமைந்தால் பல நாட்களுக்கு அந்த இறுக்கமே தேவைப்படாது என்று நண்பன் சொல்கிறான்.

இப்போது அந்த அரை நட்சத்திரம். சொன்ன தேதிக்குத் தருவதில்லை. பத்து நாள் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடும், போன் செய்தால் "காஜா போடுறதுதான் பாக்கி" என்பார், அந்த காஜாவை, அதாவது பட்டன் ஓட்டையை, வெளியே கொடுத்துப் போட்டு வாங்குகிறார், அங்கேதான் தாமதம். போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை, அது முழுசாக மூடுவதில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மாற்ற வேண்டும். இப்படிப்பட்டவர்கள் வருகிற கடையில் இது சின்னக் குறை இல்லை, திரையை நீளமாக்கி ஒரு கொக்கி வையுங்கள் மாஸ்டர் என்று நேரில் சொல்லிவிட்டேன், செய்கிறேன் என்றிருக்கிறார். காலர் பட்டி முதல் இரண்டு சலவை வரைக்கும் விறைப்பாகக் கழுத்தில் உரசும், அப்புறம் பழகிவிடும். தையல்கூலி முழுக்கைச் சட்டைக்கு 450 ரூபாய், மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஆண் சட்டை, பெண் சட்டை என்று தனித்தனி ரேட் கிடையாது, கூடுதல் பட்டனுக்கும் உள்மடிப்புக்கும் தனியாக வாங்குவதில்லை.

துணியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். 58 அங்குல அகலத் துணி என்றால் 1.6 மீட்டர் போதும், 36 அங்குலம் என்றால் 2.25 மீட்டர், கொஞ்சம் பருமனாக இருந்தால் கால் மீட்டர் சேர்த்து எடுங்கள். பருத்தி என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தேய்த்துக் கொடுங்கள், அவர் அதைச் செய்வதில்லை, தைத்தபிறகு சுருங்கினால் மார்பில்தான் முதலில் பிடிக்கும். பொருந்துகிற பழைய சட்டை எதுவாவது இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, நிதானமாகப் பேசி அளவு கொடுக்கலாம். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் முந்தின ஒரு மாதம் புது ஆர்டர் எடுப்பதில்லை, அவசரம் என்றால் அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.